மேல்தோலுக்குப் போட்ட ஆறு தையல்

போன மாசியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்றவர்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் ரப்பரில் செய்த ஓர் இடுப்பு இருந்தது. தொடை பாதியில் நின்றுவிட்டது, இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. பிரசவத்தில் கிழிந்த இடத்தைத் தைப்பதற்கு இப்போது அதில்தான் பழகுகிறார்களாம். நல்ல ஏற்பாடு.

"மேடம், நீங்க முதல்ல எதுல தச்சுப் பழகினீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"வலையில" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் பொம்மையைத் தொட்டுப் பார்த்தேன். அது முக்காது, கத்தாது, நாம் என்ன வைதாலும் அதன் காதில் விழாது. அதுதான் அதில் குறை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எதுவும் வரிசையாக நினைவில் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால், கண் மூடியும் மூடாமலும் இருக்கிற அந்த வேளையில், தண்ணீர் வந்து நிறைகிறது. முதலில் வயல் தண்ணீர், வானத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற தண்ணீர். அப்புறம் அதில் குனிந்த முதுகுகள். அப்புறம் சோறு வடிக்கிற வாசனையா, ஊசி வேகிற வெந்நீர் ஆவியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெதுவெதுப்பு. அந்த நேரத்தில் என் விரல்கள் தாமாக எதையோ தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா தூக்கத்துல கொழுக்கட்டை பிடிக்குது" என்பாள்.

நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவள். வலை கிழிந்தால் அப்பாவுக்கு நான்தான் வேண்டும். கிழிசல் எங்கே முடிகிறது என்று முதலில் தேடி, அதற்கும் ஒரு வலைக்கண் மேலேயிருந்து முடிச்சைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மீன் துள்ளலில் தைத்ததெல்லாம் போய்விடும். "தவமணி தச்ச இடம்தான் வலையிலேயே உறுதியான இடம்" என்று அப்பா கரையில் நாலு பேர் கேட்கச் சொல்லுவார். அந்தப் புகழ்ச்சி என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. தஞ்சாவூரில் பயிற்சி முடித்த காலமெல்லாம் பட்டினியும் பரீட்சையுமாகப் போனது, அதைச் சொல்லி யாருக்கும் லாபமில்லை. கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சுவரெல்லாம் கறுப்புச் சிவப்பு, வயலெல்லாம் வெறும் சிவப்பு. அறுவடைக் கூலிக்குச் சங்கத்துக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், மிராசுதார்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், நடுவில் நெல் தலை சாய்ந்து நிற்கும். நான் குடியிருந்த அறை மிராசுதார் வீட்டைச் சேர்ந்தது. பிரசவம் பார்த்ததெல்லாம் தெற்குத் தெருவில், கூலி வேலை செய்கிற பெண்களுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் தப்புப் பண்ணினால், கையிலிருக்கும் கத்தரியின் பிடியால் மணிக்கட்டில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அது அடி இல்லை, ஆனால் அன்று முழுக்க அந்த இடம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும்.

குழந்தையின் தலை தெரியத் தொடங்கியதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எனக்குப் பழக்கியது இன்னும் கையில் இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மடித்து உள்ளங்கையில் வைத்து, பிறப்புவாய்க்கும் மலவாய்க்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டு விரற்கடை இடத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு கையின் விரல்கள் குழந்தையின் தலைமேல், அது பாய்ந்து வராதபடி. அழுத்தக் கூடாது, விடவும் கூடாது. தாயை முக்காமல் வாயைத் திறந்து ஊதச் சொல்ல வேண்டும். அப்போது அந்தத் தோல் மெலிந்து, வெளுத்து, வெங்காயச் சருகாக மினுங்கும். உள்ளே இருக்கிற கருந்தலை அதன் வழியாகத் தெரிவதுபோல ஒரு மயக்கம் வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அறையில் சத்தமே இல்லாததுபோல எனக்கு இருக்கும், வெளியே ஊரே கூடி அலறினாலும்.

"அவசரம் உனக்குத்தான். புள்ளைக்கு இல்ல" என்பார் டாக்டரம்மா.

எவ்வளவு தாங்கினாலும் சிலருக்குக் கிழியும். தோல் மட்டும் கிழிந்தால் சின்ன விஷயம். உள்சதை கிழிந்தால் அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். அதற்கும் கீழே, மலவாயை இறுக்கிப் பிடிக்கிற வளையத் தசை ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் இரண்டு முனையும் பக்கவாட்டில் சுருங்கிப்போய் ஒளிந்துகொள்ளும். தேடினால்தான் கிடைக்கும். அதைச் சேர்க்காமல் மேலே தைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காற்றும் நிற்காது, மலமும் நிற்காது. அதனால் டாக்டரம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. தைப்பதற்கு முன்னும் பின்னும், மலவாயில் ஒரு விரலை வைத்து, தாயை இறுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். "அந்த விரல் சரின்னு சொல்லாம நீ கையைக் கழுவக் கூடாது."

நான் ஒரே ஒரு நாள் கழுவினேன்.

அது தை மாதம், அறுவடை நேரம். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. காலையிலேயே வயலில் கைகலப்பு. போலீஸ் வேன் ஆற்றங்கரை ரோட்டில் நின்றது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டதால், பக்கிரியம்மாளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பெண்கள் வரப்பு வழியாகத் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். இருபது வயதுகூட இருக்காது. புருஷன் நடேசன் சங்கத்தில் இருந்தவன், அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார் மட்டும் பிரசவ அறைக் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து அறையில் மண்டை உடைந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். டாக்டரம்மா அவர்களைத் தைத்துக்கொண்டிருந்தார். "ஆடாம இருங்க" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு சுவர்தான்.

பக்கிரியம்மாளுக்குப் பெரிய குழந்தை. தலை வந்து நின்றபோது வெளியே யாரோ ஓலமிட்டார்கள். புருஷனுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் திமிறிக்கொண்டு முக்கினாள். என் கவனமும் அந்த ஓலத்தின் பக்கம் போனது. கை ஒரு நொடி தளர்ந்தது. தலை பாய்ந்து வந்துவிட்டது. ஆண் குழந்தை. கீழே ரத்தம்.

"முக்காதே முக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கறேன், கேக்கறியா நீ? உன்னாலதான் இப்படிக் கிழிஞ்சுது. அனுபவி" என்று கத்தினேன்.

அந்தக் காலத்தில் பிரசவ அறையில் வைவது என்பது வெந்நீர் வைப்பதுபோல. யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, கிழிசலின் தலையைத் தேடிப் பிடித்து, வலைக்குத் தைப்பதுபோல ஒரு கண் மேலேயிருந்து தொடங்கினேன். உள்ளுக்கு நாலு, மேல்தோலுக்கு ஆறு. ஆறும் அரிசி வைத்தாற்போல ஒரே அளவு. கிழிந்த இடமா என்று சந்தேகப்படும்படி இருந்தது. அடுத்த கட்டிலில் ஒருத்தி வலியில் முனகினாள். நான் என் தையலை ஒரு தடவை ரசித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினேன். விரல் வைத்துப் பார்க்கவில்லை.

அவசரம்தான் காரணம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். டாக்டரம்மாவை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். கர்வம்தான் காரணம். வலைக்கு ஒரே அடுக்கு, உடம்புக்கு மூன்று நான்கு அடுக்கு என்பது அந்தக் கர்வத்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கிரியம்மாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள்.

புரட்டாசிக் கடைசியில் தடுப்பூசிப் பெட்டியோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். சம்பா நடவு. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தண்ணீருக்குள்ளே ஒரு வானம், அதில் பெண்கள் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து பச்சை வைத்துக்கொண்டே போனார்கள். வானத்தையே நட்டுக்கொண்டு போவதுபோலத் தெரிந்தது. அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை கனவில் பார்த்துவிட்டேன். கனவிலும் அந்த வரிசைக்கு எட்டி, தனியாக ஒருத்தி நிற்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வரப்புக்கு வந்துவிட்டார்கள். அவள் மட்டும் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே தூக்குவாளியிலிருந்து கஞ்சியைக் குடித்தாள்.

"யாரும்மா அது?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கிரியம்மாதாங்க. புள்ள பெத்ததுலேருந்து அவளுக்கு எதுவும் நிக்கறதில்ல. தண்ணியில இருந்தா யாருக்கும் தெரியாதுல்ல" என்றாள் ஒருத்தி. சாதாரணமாகச் சொன்னாள். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அவள ஓரமா விட்டுடுவோம். பாவம், அவளே போயிடுவா."

எனக்கு அந்த ஆறு தையல் கண்முன்னே வந்தது. பெட்டியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள், தப்புப் பண்ணியவள் அவள்தான் என்பதுபோல.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவளை ஆட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தார்கள். தட்டும் தனி. மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"தை பொறந்தா நடேசனுக்கு வேற பொண்ணு கட்டப்போறோம். பேசி முடிச்சாச்சு. இவள இவ அம்மா வீட்டுல விட்டுடுவோம். புள்ளைய நாங்க வச்சுக்குவோம்."

"ஆபரேஷன் பண்ணினா இது சரியாயிடும்மா."

"சரியானா மட்டும்? சொல் பேச்சு கேக்காதவ. அடுத்த புள்ளைக்கும் இதையேதான் பண்ணுவா. நானா சொல்றேன்? முக்காதேன்னு சொல்லியும் கேக்கல, உன்னாலதான் கிழிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கதவுக்கிட்ட உக்காந்து என் காதால கேட்டேன்."

நடேசன் வாசலில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவே அந்த வார்த்தையைத் தீர்ப்பாக வைத்திருந்தது. படித்த நர்சம்மா சொன்னது, பொய்யாகவா இருக்கும்? அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, அன்று நான் வைக்காத விரலை இன்று வைக்கச் சொன்னார். "இறுக்கும்மா" என்றேன். பக்கிரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். என் விரலைச் சுற்றி ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பக்கமும் சின்னதாகக் குழி விழுந்திருந்தது, அறுந்த முனைகள் ஒளிந்த இடம்.

"யார் தச்சது?"

"நான்தாங்க டாக்டர். விரல் வச்சுப் பாக்கல."

கத்தரிப் பிடி மணிக்கட்டுக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வந்திருந்தால் தேவலை. அவர் வெளியே வந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நான் வைததையும்.

"தசையைத் தஞ்சாவூர்ல தேடிப் புடிச்சுத் தச்சுடுவாங்க" என்றார். "நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம். நீ கொட்டினதை யார் அள்ளறது?"

லீவு போட்டுவிட்டு நானே பஸ்ஸில் அவளைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சாக்கை மடித்துப் போட்டு, பின் சீட்டில் சன்னலோரம் உட்காரவைத்தேன். வழியெல்லாம் மழைத் தண்ணீர். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பஸ் மிதந்துகொண்டு போவதுபோல இருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் பார்க்காதவள், கும்பகோணம் பார்க்காதவள், அவளுக்கு அதுதான் முதல் பஸ் பயணம். குழந்தையை மாமியார் கொடுத்தனுப்பவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாளைக்கு மேலே கஞ்சித் தண்ணீரும் மோரும்தான். வார்டு சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் எங்கேயோ போய்விட்ட மாதிரியான நாட்கள். ஒரு நாள் காலையில் என் கையைப் பிடித்து இழுத்து, "நிக்குதுங்க" என்றாள். காதுக்குள் சொன்னாள். "நானா விட்டாத்தான் போவுது." அந்த மாதிரி ஒரு முகத்தை எத்தனையோ பிரசவத்தில் தேடியிருக்கிறேன், பார்த்ததில்லை.

அப்புறம் அவள் சொன்னாள்: "இனிமே நீங்க சொல்ற பேச்ச கேப்பேங்க. முக்காதேன்னா முக்க மாட்டேன். அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப்போயிட்டேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பக்கிரியம்மா, தப்பு உன்னோடது இல்ல" என்றேன். "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் முக்கத்தான் வரும். தாங்கிப் புடிக்க வேண்டியது நான், கையை விட்டேன். கிழிஞ்ச பிறகு உள்ள பாத்துத் தைக்க வேண்டியதும் நான். பாக்காம மேல தச்சேன். அன்னிக்கே சரியா தச்சிருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்க வேணாம்."

அவள் என்னை அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் கையை விட்டுவிட்டு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப என்னால இல்லையா?"

"இல்ல."

"இல்லையா" என்று திரும்பவும் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன். பிரசவத்தில்கூட அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எங்க அத்தகிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்றாள். "சரியாயிடுச்சுன்னு நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. புள்ளையத் தர மாட்டாங்க."

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். ஊர் இருந்த நிலையில், அரசாங்க நர்ஸ் ஒருத்தி தெற்குத் தெருவில் போய்த் தன் தப்பை ஒத்துக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். மனு போகும், மெமோ வரும், வேலையே போகலாம். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர்.

"மெமோ வந்தா நான் பாத்துக்கறேன்னு சொல்ல மாட்டேன். வந்தா வாங்கிக்க. போ" என்றார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். நடேசன் எழுந்து நின்றான். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. வார்டில் அவளிடம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். "நான் அன்னிக்கு வைஞ்சது என் தப்ப மறைக்க" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

"குடுக்கறேன்" என்றேன்.

"எழுதி என்னடா பண்ணப்போறே? வாயால சொல்லிட்டாங்கல்ல" என்றாள் மாமியார். மடியிலிருந்த பேரனைத் தூக்கிப் பக்கிரியம்மாளிடம் நீட்டினாள். குழந்தை அம்மாவை மறந்திருந்தது, வீறிட்டு அழுதது. அவள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கொட்டகைக்கு இல்லை, வீட்டுக்குள்.

நான் திரும்பி வந்தேன். வாய்க்கால் மதகைத் தாண்டும்போது பின்னால் யாரோ வருகிற சத்தம். மாமியார். தெருவிலேயே வையாமல் தனியாக வைய வருகிறாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்வதற்குத் தயாராக நின்றேன்.

"படிச்ச கை இப்படிப் பண்ணலாமா?" என்றாள்.

"பண்ணக் கூடாதும்மா."

அவள் போகவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நடேசனுக்கு அப்புறம் ஒரு பொண்ணு பொறந்து செத்துப்போச்சு" என்றாள். "அதுலேருந்து எனக்கும் நிக்கறதில்லைங்க. பதினெட்டு வருஷமாச்சு. நடேசன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான்தான் அவசரப்பட்டு முக்கிக் கெடுத்துக்கிட்டேன்னு இருந்துட்டேன்."

பதினெட்டு வருஷம் அவள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாள், எந்தப் பந்தியில் உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எனக்கும் பாப்பாங்களா?" என்றாள்.

"பாப்பாங்கம்மா. நாளைக்கே வாங்க."

"அறுப்பு முடியட்டும்."

எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருஷம் சம்பள உயர்வு நின்றது. நடேசனுக்கு வேறு கல்யாணம் நடக்கவில்லை. அறுவடை முடிந்த மறுநாள் காலை மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூட்டிக்கொண்டு வந்தது பக்கிரியம்மாள், இடுப்பில் குழந்தையோடு. கதவு வரைக்கும் அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"நர்சம்மா, எங்க அத்தயத் திட்டிடாதீங்க."